பூஞ்சை ஒவ்வாமை: பத்தியமா, பக்குவமா?

விடாத தும்மல், மூக்கடைப்பு, ராத்திரியில் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற இளைப்பு. கடைசியில் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்து, பூஞ்சை சேரவில்லை என்று தெரிந்துவிட்டது. சரி, இனி என்ன சாப்பிடுவது? நம் பக்கத்து வீடுகளில் மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழும் கேள்வி இதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருநெல்வேலிச் சமையலில் பாதி புளிக்க வைத்தது, மீதி காய வைத்தது: இட்லி மாவு, மோர், பழைய சோறு, நார்த்தங்காய் ஊறுகாய், மணத்தக்காளி வற்றல், கருவாடு, கருப்பட்டி. பூஞ்சை என்ற பேச்சு வந்ததும் இவை எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுகிறது.

முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று முழுப் பத்தியம். புளித்தது, ஊறியது, உலர்ந்தது, காளான், ரொட்டி, பாலாடைக்கட்டி, வினிகர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. இப்படி ஒரு பட்டியல் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, சாப்பாட்டைத் தொடவே வேண்டாம், வீட்டு ஈரத்தை மட்டும் கவனித்தால் போதும் என்பது. மூன்றாவது, சாப்பிடுவதை அப்படியே வைத்துக்கொண்டு, அது தட்டுக்கு வந்து சேரும் வழியை மாற்றுவது. எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, மூடையை யார் பிரிப்பது என்பதையெல்லாம் மாற்றி, சந்தேகம் உள்ள ஒன்றிரண்டு பண்டங்களை மட்டும் தனியே சோதித்துப் பார்ப்பது. என் மகளுக்கு இந்த ஒவ்வாமை உண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்து ஈரத்தில் குடியிருக்கிறோம். மூன்று வழிகளையும் எடை போட்டுப் பார்த்து மூன்றாவதில்தான் நிற்கிறேன்.

பூஞ்சை ஒவ்வாமை பெரும்பாலும் மூச்சு வழியாக வருவது. ஆல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்ற நான்கும் பரிசோதனைகளில் அடிக்கடி பேர் அடிபடுபவை. இவை காற்றில் வித்துகளைப் பறக்கவிடுகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸின் வித்து 2 முதல் 4 மைக்ரோமீட்டர்தான் இருக்கும். மூக்கைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போகக்கூடிய அளவு அது. ஒவ்வாமை உள்ளவர் உடம்பு இந்த வித்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை முன்கூட்டியே உண்டாக்கி வைத்திருக்கிறது. வித்து வந்து ஒட்டியதும் உடம்பில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, தும்மலும் நீர்வடிதலும் இளைப்பும் தொடங்குகின்றன. அதே பூஞ்சையின் புரதம் வெந்த சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போனால், சூட்டிலும் இரைப்பை அமிலத்திலும் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. அதனால்தான் மூச்சில் பூஞ்சை சேராதவர்களில் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டு வழியாக ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஆகும். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு முழுப் பத்தியத்தைப் பார்ப்போம். அதில் முதலில் அடிபடுவது இட்லி. ஆனால் மாவைப் பொங்க வைப்பது பூஞ்சணம் இல்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், குறிப்பாக லியூகோனாஸ்டாக் என்ற வகை, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் விடுகின்றன. கூடவே கொஞ்சம் ஈஸ்ட் வளரும். தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதான், பழைய சோற்றைப் புளிக்க வைப்பதும் அதே கூட்டம்தான். ஈஸ்ட் பூஞ்சைக் குடும்பத்தில் சேர்ந்தது என்பது உண்மை. அதற்காக, காற்றில் பறக்கும் ஆல்டர்நேரியா சேராதவருக்கு ஈஸ்டும் சேராது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதுவும் இட்லி ஆவியில் நன்றாக வெந்துதான் தட்டுக்கு வருகிறது.

பத்தியப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தபோது அத்தை ஒரே கேள்வி கேட்டார்கள்: “ஏட்டி, இட்லியும் கெடையாது, தோசையும் கெடையாது, மோரும் கெடையாதுன்னா, புள்ளைக்கு என்னத்தத்தான் குடுப்ப?” புட்டும் இடியாப்பமும் பொங்கலும் இருக்கின்றனதான். ஆனால் காலையில் நாலு இட்லி, மத்தியானம் தயிர்ச் சோறு என்று வளர்கிற பிள்ளைக்கு உளுந்தின் புரதமும் தயிரின் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் அதே சத்துக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் எதுவுமே ஆகாது என்று சொல்லி அனுப்புவதும் சின்ன விஷயம் இல்லை. பலன் நிச்சயமாக இருந்தால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பூஞ்சை ஒவ்வாமைக்கு இந்த முழுப் பத்தியம் உதவுகிறது என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது.

பிறகு ஏன் சிலருக்குப் பத்தியத்தில் குணம் தெரிகிறது? பத்தியம் ஆரம்பிக்கிற வீட்டில் சாப்பாடு மட்டும் மாறுவதில்லை. பழைய ஊறுகாய் ஜாடி வெளியே போகிறது, மழையில் நமத்துப்போன மசாலாப் பொடி போகிறது, பரணை ஒழித்துத் துடைக்கிறார்கள். அதற்குள் கார்த்திகை முடிந்து தை பிறந்து வெயிலும் வந்துவிடுகிறது. மருந்தும் கூடவே நடக்கிறது. இத்தனையும் ஒரே சமயத்தில் மாறிய பிறகு, நல்ல பேர் மட்டும் இட்லியை நிறுத்தியதற்குப் போய்ச் சேருகிறது. எது உதவியது என்று தெரியாமலே அந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் இட்லி இல்லாமல் இருக்கும்.

பத்தியம் என்ற முறையைக் குறைத்துப் பேசுவது என் எண்ணமில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஊரில் பத்தியம் என்பது படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சித்த மருத்துவத்தில் பத்தியம் குறிப்பிட்ட மருந்தோடு, குறிப்பிட்ட நாளுக்கு இருப்பது. மருந்து முடிந்த பிறகு மறுபத்தியம், அதன்பின் வழக்கமான சாப்பாடு. கைக்குக் கை மாறும் இந்தப் பட்டியலில் அந்த முடிவு நாள் இல்லை. முடிவு நாள் இல்லாத பத்தியத்தை ஒரு குழந்தையின் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. பூஞ்சை என்ற பேரில் அடிபடுகிற பல தொந்தரவுகள் வேறு எதனாலோ வருபவை. மாசிக் கருவாடு, மற்றக் கருவாடு, நாள்பட்ட மீன், அதிகம் புளித்த தயிர் இவற்றில் ஹிஸ்டமின் கூடுதலாக இருக்கலாம். சிலருக்கு அதைச் சாப்பிட்டதும் முகம் சிவக்கும், மூக்கு ஒழுகும், தலை வலிக்கும். பார்க்க ஒவ்வாமை மாதிரியே இருக்கும், ஆனால் பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கொப்பரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கந்தகப் புகை போடுகிறார்கள். பொன்னிறமான உலர் திராட்சையிலும் கந்தகம் சேர்ப்பது உண்டு. அந்தக் கந்தகச் சேர்மங்கள் இளைப்பு உள்ளவர்களில் சிலருக்கு இளைப்பைத் தூண்டும். ‘உலர்ந்த பழம் சாப்பிட்டால் இழுக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் கந்தகம் போடாத கறுப்புத் திராட்சையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பூஞ்சையைக் குற்றம் சொல்ல வேண்டும். அப்புறம் மாவுப் பூச்சி. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் திறந்து கிடந்த ரவையிலும் மைதாவிலும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகும். தூசி உண்ணி ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மாவில் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டு மூச்சுத் திணறிப் போனதுண்டு. சுட்டாலும் அந்த உண்ணியின் ஒவ்வாமைப் பொருள் முழுக்கப் போய்விடாது. ஆக, மாவை மூடி வைப்பது பூஞ்சைக்கு மட்டுமான வேலை இல்லை.

அந்தப் பத்தியப் பட்டியல் கண்டுகொள்ளாமல் விட்ட ஓர் ஆபத்தும் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, சோளம், கொப்பரை, வற்றல் மிளகாய் இவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சேர்க்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டமாகச் செத்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இருந்துதான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறத்தில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது எல்லோருக்கும் நஞ்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. நல்ல இட்லியை நிறுத்திவிட்டு, மக்கல் வாடை அடிக்கிற கடலையில் சட்னி அரைத்தால் அந்தப் பத்தியத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

இரண்டாவது வழி, வீட்டை மட்டும் பார்ப்பது. மருத்துவ ரீதியாக இதுதான் அதிகப் பலன் தருவது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்து திருநெல்வேலி வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் கறுப்பும் பச்சையுமாக ஏறிய பூஞ்சணத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒழுகலை அடைப்பது, வீட்டுக்குள் ஈரத் துணி காயப் போடாமல் இருப்பது, காற்றின் ஈரத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது எல்லாம் அவசியம். இந்த வழியில் எனக்கு உள்ள ஒரே குறை, அது அடுக்களையை விட்டுவிடுகிறது என்பதுதான். வீட்டிலேயே ஈரமும் சத்தும் சேர்ந்து கிடக்கும் இடம் அடுக்களை. பூஞ்சைக்கு வேண்டியதும் அவை இரண்டுதான்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். சாப்பாட்டுப் பண்டம் ஒவ்வாமைக்காரரைத் தாக்குவது பெரும்பாலும் வாய் வழியாக இல்லை, அதைக் கையாளும் நேரத்தில் மூக்கு வழியாக. ஊறுகாய் ஜாடியைத் திறந்து கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்ப்பது, நாள்பட்ட அரிசி மூடையைப் பிரித்துக் கொட்டுவது, வற்றல் மிளகாயைக் குலுக்கிக் காம்பு கிள்ளுவது, பரணில் கிடந்த ஓலைக் கொட்டானைத் தட்டி இறக்குவது. ஒரு வாய் ஊறுகாய் சாப்பிடும்போது மூச்சுக்குள் போவதைவிட இந்த ஒரு நிமிஷத்தில் மூச்சுக்குள் போகும் வித்துகள் அதிகம். மக்கல் வாடை அடித்தால் முகராமல் மூடி, அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டி வெளியே அனுப்புவதுதான் சரி.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பல வீடுகளில் ஒவ்வாமை இருப்பவரே அந்த வீட்டின் சமையலைப் பார்க்கும் பெண்ணாக இருக்கிறார். மூடை பிரிப்பதும், மில்லில் மிளகாய்த்தூள் அரைக்க நின்று தும்முவதும், மச்சில் வற்றல் காய வைப்பதும் அவர்தான். அவருக்கு மட்டும் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த வேலைகளை அவர் தலையிலேயே விட்டுவைப்பது நியாயம் இல்லை. வீட்டில் மற்றவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு ஆள் இல்லாவிட்டால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே காற்றுப் போகும் இடத்தில் செய்யலாம். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

எதை எப்படி வைப்பது என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கம் சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போது பாளையங்கோட்டையில் வெறும் காற்றும் வெயிலும்தான். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் இன்னும் வறட்சி. அங்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கவனமாக இருந்தால் பெரும்பாலும் போதும். மலையடிவாரத்தில் வருஷத்துக்கு இரண்டு ஈரக் காலம். அதனால் பாளையங்கோட்டையில் இருக்கிற மதினி ஆறு மாதத்துக்கு மிளகாய் வாங்கி வைப்பதைப் பார்த்து அம்பாசமுத்திரத்தில் நாமும் வாங்கக் கூடாது. வருஷ மொத்தத்துக்கு வாங்கினால் விலை குறையும் என்பது உண்மை. அதில் கால்வாசி பூத்துப் போனால் அந்த லாபமும் போச்சு, மூச்சும் போச்சு. சாரல் ஊர்களில் மாதாமாதம் வாங்குவதே மேல். அடை மழைக்கு முன்னால் புரட்டாசியில் டப்பாக்களைக் காலி செய்துவிட வேண்டும்.

அரிசியில் தொடங்கலாம். நெல் 14 சதவீத ஈரத்துக்குக் கீழே காய்ந்தால்தான் பூஞ்சை அண்டாது. கார் பருவ நெல்லின் அறுவடை மழையை ஒட்டி வருவதால் சில வருஷம் நெல் சரியாகக் காயாமலே மில்லுக்குப் போய்விடும். அடுத்து வரும் பிசானப் பருவ நெல் மாசி, பங்குனி வெயிலில் காய்வதால் அந்தச் சங்கடம் குறைவு. கடையில் அரிசியை அள்ளிப் பார்க்கும்போது கை குளிர்ந்தாலோ அரிசி கையில் ஒட்டினாலோ வாங்காமல் இருக்கலாம். மூடையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். வயலும் வைக்கோல் படப்பும் வீட்டை ஒட்டி இருந்தால் நெல் போரடிக்கும் நாட்களில் ஒவ்வாமைக்காரர் அங்கே போகாமல் இருப்பது நல்லது.

கருப்பட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீட்டில் சீனியை விட அதிகம் செலவாகிறது. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பண்டம். முன்னே அதை ஓலைக் கொட்டானில் போட்டு விறகடுப்புக்கு நேர் மேலே பரணில் வைத்தார்கள். அடுப்புச் சூடும் புகையும் அதை எப்போதும் காய்ந்த நிலையில் வைத்திருந்தன. இன்று அடுப்பு கேஸுக்கு மாறிவிட்டது, கொட்டான் மட்டும் அதே பரணில் இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் கருப்பட்டி அடிப்புறத்தில் கசிய ஆரம்பிக்கிறது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். பிறகு மேல் விளிம்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் போல ஒன்று எழும்பி, நாலைந்து நாளில் பச்சையாக மாறுகிறது. அதைத் துணியால் துடைத்துவிட்டுக் காப்பியில் போடுவது பல வீடுகளில் வழக்கம். துடைக்கும்போது பறப்பது வித்துதான். இதற்கு இரண்டு மாற்று உண்டு. பங்குனி, சித்திரையில் புதுக் கருப்பட்டி வரும்போது மழைக்கு முன் தீர்கிற அளவு மட்டும் வாங்குவது. அல்லது காய்ந்த கருப்பட்டியைத் தட்டி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைப்பது. பாகாகக் காய்ச்சி வைத்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எங்களுக்கு முதலாவதுதான் சரிப்பட்டது. மழைக்காலத்தில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிக்கொள்கிறோம்.

ஊறுகாயில் பூப்பது எண்ணெய்க்கும் உப்புத் தண்ணீருக்கும் மேலே தலை நீட்டுகிற துண்டில்தான். காய் முழுக்க மூழ்கி இருந்து, ஈரம் இல்லாத கரண்டி போட்டால் பெரும்பாலும் பூக்காது. பெரிய ஜாடியைத் தினமும் திறக்காமல், வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் பாட்டிலில் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல வழி. பூத்துவிட்டால் மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பூவுக்குக் கீழே அதன் இழைகள் ஓடியிருக்கும். ரொட்டி, தயிர், சோறு, கடலை, தேங்காய் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கேரட், முட்டைக்கோஸ் மாதிரிக் கெட்டியான காயில் மட்டும் பூத்த இடத்தைச் சுற்றியும் ஆழத்திலும் ஒரு அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

இட்லி மாவுக்கு வீட்டு மாவா, கடை மாவா? ஒவ்வாமையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பாத்திரத்தில்தான் வருகிறது. மாவு ஏனத்தின் விளிம்பில் வழிந்து காய்ந்த மாவுதான் பூஞ்சைக்கு வசதியான இடம். கிரைண்டரைக் கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. சாரல் காலத்தில் ஒரு நாள் அதைக் கழற்றிப் பாருங்கள். வளையம் உட்காரும் பள்ளம் முழுக்கக் கறுப்பாக, கொழகொழவென்று இருக்கும். பிரிட்ஜ் கதவின் மடிப்பு ரப்பரும் அப்படித்தான். பிரிட்ஜின் பின்பக்கம் தண்ணீர் சொட்டிச் சேர்கிற தட்டு ஒன்று இருக்கிறது, அதையும் கழுவ வேண்டும். மர அகப்பையையும் இடியாப்ப உரலையும் வெயிலில் காயப்போட வேண்டும். மாவை மூன்று நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்தால் இந்தப் பாடு பாதியாகக் குறையும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கடலையைத் தோலோடு வாங்கி, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். கசந்தால் துப்பிவிட வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் மழையில் நமத்தால் வெயில் கண்டதும் காயவைத்துத் தகர டப்பாவில் போடலாம், புள்ளி விழுந்திருந்தால் வேண்டாம். தேங்காய் மூடியை வெளியே வைக்காதீர்கள். சொதிக்குப் பால் எடுத்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். ரொட்டியை மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். அல்வா பிரியர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் கொதித்துச் சுருண்ட பண்டம் அது, வாங்கிய சில நாளில் தீர்த்துவிட்டால் போதும்.

இப்போது அந்த விதிவிலக்குக்காரர்கள். சிலருக்குச் சாப்பாட்டிலும் உண்மையாகவே சேராது. காளானுக்கும் ஆல்டர்நேரியா போன்ற பூஞ்சைகளுக்கும் பொதுவான புரதங்கள் உண்டு. காளான் சாப்பிட்டதும் வாய் அரித்தால் அதை நிறுத்திவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை. சாப்பிடாவிட்டாலும் வளர்ப்பது கூடாது. நம் கிராமங்களில் சிப்பிக் காளான் வளர்ப்பு நல்ல பக்கத் தொழில்தான். ஆனால் மூடிய கொட்டகையில் சிப்பிக் காளான் விடுகிற வித்து நுரையீரலுக்குக் கெடுதல், ஒவ்வாமை உள்ளவருக்கு அது தகாது. நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டி நம் சந்தையில் அபூர்வம், கண்டால் தவிர்க்கலாம். பேக்கரியில் வேலை பார்ப்பவர்கள் மாவில் கலக்கும் பூஞ்சை நொதியை மூச்சில் இழுத்து இளைப்பு வாங்கிக்கொள்வது மருத்துவர்களுக்குத் தெரிந்த நோய். பூஞ்சை சேராதவர்கள் அந்த வேலைக்குப் போகுமுன் யோசிக்க வேண்டும். பெனிசிலின் மருந்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பெனிசிலியம் பூஞ்சை சேராதவருக்கு அந்த மருந்தும் சேராது என்று அர்த்தம் இல்லை. மருந்துக்குத் தனியாக ஒவ்வாமை வந்த வரலாறு இருந்தால்தான் கவலை.

ஒரு பண்டத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதை மட்டும் இரண்டு முதல் நாலு வாரம் நிறுத்தி, ஒரு நோட்டில் தினமும் தும்மல், இளைப்பு, தூக்கம், அன்றைய மழை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் அந்தப் பண்டத்தை விடுதலை செய்துவிடுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்தை நிறுத்தினால் எதுவும் தெரியாது. முன்பு எப்போதாவது சாப்பிட்டதும் உதடு வீங்கியதோ மூச்சு முட்டியதோ இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். ஒவ்வாமை அறிய தோலில் குத்திப் பார்ப்பது, ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பது என்ற இரண்டு வழியும் நம்பத் தகுந்தவை. தோல் பரிசோதனைக்குப் போகுமுன் தும்மல் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேராத உணவைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லி ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்க்கும் நீளமான ரத்தப் பட்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஐஜிஜி கூடுவது அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியதைத்தான் காட்டுகிறது. அந்த அறிக்கையை நம்பி நல்ல உணவை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கையில் காசும் நேரமும் குறைவாக இருப்பவர்களுக்கு எதை முதலில் செய்வது? மருத்துவர் கொடுத்த மூக்கு மருந்தையும் இன்ஹேலர் என்ற உறிஞ்சு மருந்தையும் விடாமல் எடுப்பது முதல் வேலை. உணவை மாற்றியிருக்கிறோம் என்று அதை நிறுத்தக் கூடாது. அடுத்து ஒழுகல். அதற்கடுத்து, ஒவ்வாமைக்காரர் கையிலிருந்து மூடையும் மிளகாயும் பரணும் வேறு கைக்குப் போக வேண்டும், இதற்குக் காசே வேண்டாம். பூத்ததைத் தூக்கிப் போடுவதும் கொஞ்சமாக வாங்குவதும் நாலாவது. இட்லி, தயிர், பழைய சோறு எதையும் நிறுத்தும் யோசனை இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் நோட்டில் சான்று இருந்தால். எதைச் சாப்பிட்ட பிறகும் சில நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.